சந்தா கட்டுவதற்கு முன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மொழிபெயர்ப்பாளர்களும் வேலை தருகிறவர்களும் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் ப்ரோஸ் (ProZ.com) தளத்தில் ஒரு வருடச் சந்தா கட்டலாமா என்று கேட்டிருந்தாய். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். மொழிபெயர்ப்பை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன பிறகு அப்படி அவசரமாகச் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பதில் இதுதான்: கட்டு, ஆனால் இப்போது வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். சந்தா கட்டினால் வேலை வந்து கொட்டும் என்று நினைத்துத்தான் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டுகிறார்கள். தளம் வேலை தருவதில்லை. நீ கொடுக்கும் பணத்துக்கு உருப்படியாகக் கிடைப்பவை இரண்டு: தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படும் இடம், யார் ஒழுங்காகப் பணம் கொடுக்கிறார்கள் என்று பார்க்கும் வசதி. மற்ற சலுகைகளெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இடத்தைப் பற்றி முதலில். 1999 முதல் இருக்கும் தளம் அது. பதிவு செய்து வைத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில். ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சியின் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு மாலைக்குள் ஆள் வேண்டுமென்றால் அவர் விளம்பரம் போட்டுவிட்டுக் காத்திருப்பது குறைவு. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்ற மொழி இணையையும் துறையையும் கொடுத்துத் தளத்தின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் தேடுவார். பணம் கட்டிய உறுப்பினர்கள் அதில் முன்னால் வருவார்கள். அவர்களுக்குள்ளும் குடோஸ் புள்ளி, அதாவது மற்றவர்களின் சொல் சந்தேகங்களுக்கு நல்ல பதில் எழுதிப் பெறும் புள்ளி, அதிகம் வைத்திருப்பவர் மேலே இருப்பார். மேனேஜர் மேலே தெரியும் நாலைந்து பேருக்கு எழுதுவார். சீக்கிரமாகவும் தெளிவாகவும் பதில் போடுகிறவருக்கு வேலை போய்விடும். பொதுவில் போடும் வேலை அறிவிப்புகளின் கதை வேறு. அங்கே ஒரே நேரத்தில் பலபேர் விலை சொல்கிறார்கள், யார் குறைவு என்பதில் போய் முடிகிறது. அந்தப் பக்கத்தை நம்பிச் சந்தா கட்டாதே.

நம் மொழி இணைக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஆங்கிலம்-ஸ்பானிஷில் சந்தா கட்டினாலும் கூட்டத்தில் ஒருவராகத்தான் நிற்க வேண்டும். ஆங்கிலம்-தமிழில் பணம் கட்டியவர்கள் அவ்வளவு பேர் இல்லை, அதனால் முன்வரிசைக்கு வருவது சுலபம். ஆனால் தேடி வருகிறவர்களும் குறைவு. அப்படி வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதையும் யோசித்துப் பார். மருத்துவ ஆய்வுகளின் ஒப்புதல் படிவங்கள், நோயாளிகளிடம் கேட்கும் கேள்வித்தாள்கள், குடியேற்றத்துக்கான சான்றிதழ்கள், செயலிகளின் வாசகங்கள், இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தும் வேலை. உன் ப்ரொஃபைலில் 'எல்லாத் துறையும் செய்வேன்' என்று போட்டிருக்கிறாய். அப்படி எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு மேனேஜரும் மருத்துவப் படிவத்தை உன்னிடம் தரமாட்டார். நீ உயிரியல் படித்தவள். அதைத்தான் முதல் வரியில் சொல்ல வேண்டும்.

இப்போது வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணமே இதுதான். கட்டிய நாளிலிருந்து சந்தாவின் நாட்கள் ஓட ஆரம்பித்துவிடும். பாதி ப்ரொஃபைலோடு கட்டினால் முதல் சில மாதம் வீணாகும். அதைவிட, காசே இல்லாமல் செய்யக்கூடியதை எல்லாம் முதலில் செய்து வை. ஒரு சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது என்று கேட்டுத் தளத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சந்தா தேவையில்லை. நல்ல பதிலுக்குக் கிடைக்கும் குடோஸ் புள்ளி உன் கணக்கிலேயே இருக்கும், பிறகு சந்தா கட்டும்போது அதுவே உன்னைப் பட்டியலில் மேலே கொண்டுபோகும். தமிழில் கேள்விகள் எப்போதாவதுதான் வரும். அதனாலேயே கொஞ்சம் புள்ளி சேர்ந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. உன் துறையில் வரும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள், ஆதாரத்தோடு எழுது. தெரியாததற்கு ஊகமாக எழுதிய பதிலும் உன் பெயரிலேயே அங்கே நிற்கும், வேலை தர நினைக்கிறவர் அதையும் படிப்பார்.

மாதிரி மொழிபெயர்ப்புகள் இரண்டு மூன்று போட்டு வை. வாடிக்கையாளரின் ஆவணத்தைப் போடக்கூடாது என்பது உனக்குத் தெரியும். யாருடைய ரகசியமும் இல்லாத ஒரு சுகாதாரத் துண்டறிக்கையை எடுத்து நீயே செய். சி.வி.யை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்காதே. அதைத் திருடி, மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி, உன் பெயரில் ஏஜென்சிகளுக்கு விண்ணப்பிக்கிற கும்பல்கள் உண்டு. அவர்கள் இயந்திரத்தில் போட்டுக் கொடுக்கும் குப்பைக்குக் கெட்டபெயர் உனக்கு வரும்.

அடுத்தது ப்ளூ போர்ட். சந்தாவில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேலை கொடுத்த நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் இடம் அது. கேள்வி ஒன்றே ஒன்று: இவர்களோடு மறுபடி வேலை செய்வாயா? தடையில்லாமல் எல்லாவற்றையும் படிக்க உறுப்பினராக இருக்க வேண்டும். நம் தொழிலில் வேலையை முடித்துக் கொடுத்து, இன்வாய்ஸ் அனுப்பி, 30 நாளோ 45 நாளோ 60 நாளோ காத்திருந்துதான் பணம் வரும். அந்த இடைவெளியில் நாம் அவர்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம். யாருக்குக் கடன் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் இருக்கலாமா?

ஆனால் சராசரியை மட்டும் பார்த்து நம்பிவிடாதே. தேதிகளைப் பார். பல வருடம் வரிசையாக 5 வாங்கிய நிறுவனம் கடைசி சில மாதத்தில் 1 வாங்கியிருந்தால் அங்கே பணமுடை வந்திருக்கலாம், அல்லது கை மாறியிருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம் என் இன்வாய்ஸ் ஒன்று மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது. இன்னொன்று: வேலை கொடுக்கிற இடத்தைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் விருப்பம் இருக்காது, அதனால் மதிப்பெண்ணைத் தாராளமாகவே போடுவார்கள். ஆகவே ஒருவர் 3 போட்டிருந்தால் அதன் கீழே எழுதியிருப்பதை நிதானமாகப் படி. அதற்கு அந்த நிறுவனம் பதில் எழுதியிருந்தால் அதன் தொனியையும் கவனி. பெயர் பெற்ற ஏஜென்சியின் பெயரையே வைத்துக்கொண்டு, முகவரியில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி எழுதுகிற மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். வந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கோ இணைப்புக்கோ போகாதே. அந்த நிறுவனத்தின் அசல் தளத்தை நீயே தேடிப்போய் அங்கிருந்து கேள். பேசிய தொகைக்கு மேல் காசோலை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அது கட்டாயம் மோசடி. கொஞ்ச நாளில் காசோலை திரும்பிவிடும், நீ அனுப்பிய பணம் போனது போனதுதான்.

அப்வொர்க் போன்ற, எல்லா வகை ஃப்ரீலான்ஸ் வேலையும் கிடைக்கும் தளங்களோடு ஒப்பிட்டுக் கேட்டிருந்தாய். அங்கே பெரும்பாலும் உன் வருமானத்திலிருந்து ஒரு பங்கு தளத்துக்குப் போகும். ப்ரோஸில் வருடத்துக்கு ஒரு தொகை, அதோடு சரி. நீ சம்பாதிப்பதில் கமிஷன் கிடையாது. வேலை கூடக் கூட இந்த முறைதான் லாபம். வேலையே வராவிட்டால் அந்தத் தொகை முழுதும் நஷ்டம். அதனால் கட்டுவதற்கு முன் சந்தாத் தொகையை உன் ஒரு சொல்லுக்கான ரேட்டால் வகுத்துப் பார். கவனமாகச் செய்கிறவர் ஒரு நாளைக்கு 2,000 முதல் 2,500 சொல் செய்யலாம் என்பது தொழிலில் பரவலாகச் சொல்லும் கணக்கு. விடை ஓரிரு நாள் வேலைக்குள் அடங்கினால், தொடர்ந்து வேலை தரும் ஒரே ஒரு நல்ல வாடிக்கையாளர் போதும், போட்டது திரும்பிவிடும். அடங்கவில்லை என்றால் உன் ரேட் ரொம்பக் குறைவு, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சந்தாவால் தீராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தரம் பார்க்கிற ஏஜென்சிகள் பல, மொழிபெயர்ப்புச் சேவைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 17100ஐப் பின்பற்றுகின்றன. 2015இல் வந்தது அது. அதன்படி மொழிபெயர்ப்பில் பட்டம் வேண்டும். அல்லது வேறு துறைப் பட்டத்தோடு இரண்டு வருட முழுநேர அனுபவம். அல்லது ஐந்து வருட முழுநேர அனுபவம். உனக்குப் பொருந்துவது நடுவில் உள்ளது. உன் பெயருக்குப் பக்கத்தில் உறுப்பினர் அடையாளம் இருந்தாலும் அந்த இரண்டு வருடத்தை யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். இப்போது செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் தேதி, சொல் எண்ணிக்கை, துறை மூன்றையும் குறித்து வை. முடிந்த இடத்தில் ஒரு சான்றுக் கடிதமும் வாங்கிக்கொள். மொழிபெயர்ப்புக்கு உதவும் மென்பொருளுக்கும் இப்போதைக்குச் செலவு செய்ய வேண்டாம். ஒமேகா-டி இலவசம், பழக அது போதும். பெரிய ஏஜென்சிகள் தங்கள் இணையவழிக் கருவியில் உனக்கே ஒரு இடம் கொடுத்துவிடுவதும் உண்டு.

ஆகவே ப்ரொஃபைல் முழுதாகட்டும், கொஞ்சம் புள்ளி சேரட்டும், சான்றுக் கடிதமும் ஒன்றிரண்டு கையில் இருக்கட்டும். அப்புறம் ஒரு வருடத்துக்குக் கட்டு. தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அன்றைக்கே நிறுத்திவை. வருகிற ஒவ்வொரு புது வாடிக்கையாளரிடமும் என்னை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதிவை. வருடம் முடியும்போது புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்தக் குறிப்பு வேண்டும். கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இல்லாத நிலையில் மட்டும் கட்டாதே. அந்தப் பயத்தில் இருக்கும்போது எந்த ரேட்டுக்கும் சரி என்று சொல்லத் தோன்றும்.

ப்ரொஃபைலின் புது வடிவத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு, படித்துத் திருத்தித் தருகிறேன். உனக்கு எழுதியிருக்கும் அந்தப் புது ஏஜென்சி, வேலை தருவதற்கு முன் டெஸ்ட் என்று அனுப்பியிருப்பது எத்தனை சொல் என்றும் எழுது. 300 சொல்லுக்கு மேல் இருந்தால் இலவசமாகச் செய்ய வேண்டாம்.

அன்புடன்,
அம்மா