சின்னக் காயம் என்று விட்டுவிடாதவர்களுக்கு நன்றி

பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடிப் பக்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

என் மகள் மறுபடியும் அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். இடது காதுக்கு மேலே தையல் போட்ட இடத்தில் முடி முளைத்து வருகிறது. பேச்சு, நடை, பார்வை எல்லாம் நன்றாக இருப்பதாக மதுரை டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு எழுதவே கை வந்தது. உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாரும் பார்க்கும்படி இந்த மடல்.

கன்று போட்டுச் சில நாளே ஆன எங்கள் பசு, கன்றைத் தடவப் போன மூன்று வயதுப் பிள்ளையை முட்டிவிட்டது. யாரையும் ஒன்றும் செய்யாத சாதுவான மாடு அது. ஈன்ற புதிதில் எந்தப் பசுவும் கன்றுக்காகச் சீறும் என்று கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார். கொம்பு பட்ட இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக்கூடக் காயம் இல்லை. ரத்தம் கொஞ்சம் கசிந்து நின்றது. பிள்ளை அழுது ஓய்ந்து தண்ணீர் கேட்டாள். பார்த்த எவருக்கும் பயம் தோன்றியிருக்காது.

மேலவீட்டு ஆச்சிக்குத் தோன்றியது. முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்புக்காகச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முகப்பில் நின்றவர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். காப்பித்தூள் கொண்டுவந்தவர்களை, "தலைக்காயத்துல எதையும் அப்பாதீங்க" என்று தடுத்தார். துவைத்து வைத்திருந்த வெள்ளைத் துண்டை மேலாக வைத்து, அழுத்தாமல் பிடித்துக்கொண்டார். உள்ளே எலும்பு அமுங்கியிருந்தால், மேலே அழுத்துவது அதை இன்னும் உள்ளே தள்ளும். தண்ணீரும் வேண்டாம், ஆபரேஷன் ஆனாலும் ஆகும், வயிறு காலியாக இருக்கட்டும் என்று சொன்னவரும் அவர்தான். வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்க, தன் மகனைக் காரை எடுக்கச் சொல்லிவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார். ஆச்சி, உங்கள் மடியில் ரத்தக்கறை பட்ட அந்தப் பட்டுப்புடவையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மறக்கவில்லை.

காரிலேயே பிள்ளை வாந்தி எடுத்தாள். பிறகு கண் சொருகியது. காரைக்குடி அரசு மருத்துவமனையில் அன்று பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார்: வாந்தி உண்டா, மயங்கினாளா, வலிப்பு வந்ததா, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிகிறதா? இரண்டு தையல் போட்டு அனுப்பியிருக்கலாம். அவர் அனுப்பவில்லை. "மாட்டுக் கொம்புக் காயம் வெளியில சின்னதாத்தாம்மா தெரியும். உள்ள எவ்வளவு போயிருக்குன்னு ஸ்கேன்லதான் பாக்கணும்" என்றார். படத்தில் மண்டையோட்டு எலும்பு உடைந்து உள்ளே அமுங்கியிருந்தது. தடுப்பூசி போட்டு, மதுரைக்குத் தானே போன் செய்து விவரம் சொல்லிவிட்டுத்தான் எங்களை அனுப்பினார். அம்மா, அந்தப் போன் இல்லாமல் போயிருந்தால் பெரியாஸ்பத்திரி வாசலில் நாங்கள் திகைத்து நின்றிருப்போம்.

108 வண்டியில் வந்த தம்பிகளுக்கும் கடன்பட்டிருக்கிறேன். திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை சேரும்வரை உதவியாளர் தம்பி குழந்தையின் கழுத்தை அசையவிடாமல் பார்த்துக்கொண்டார். அடிக்கடி டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இருக்கிறதா என்று சோதித்தார். நடுநடுவே என்னையும் தேற்றினார்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் அறுவை மருத்துவர்களுக்கு எந்தச் சொல்லில் நன்றி சொல்வது? அமுங்கிய எலும்பைத் தூக்கி நிறுத்தினார்கள். மூளையை மூடியிருக்கும் சவ்வும் கிழிந்திருந்தது. முடியும் மண்ணும் உள்ளே போயிருந்தன. அத்தனையையும் கழுவி, சவ்வைத் தைத்தார்கள். இதைச் செய்யாமல் மேல்தோலை மட்டும் மூடியிருந்தால் கொஞ்ச நாளில் மூளையில் சீழ் கட்டியிருக்கக்கூடும் என்றார்கள். சேவல் தலையில் கொத்திய சிறு காயத்தால்கூடக் குழந்தைகளுக்கு அப்படிச் சீழ் கட்டியதுண்டாம். சின்னப் பிள்ளைக்கு உடம்பை நோக்கத் தலை பெரிது, எலும்பு மெல்லிசு. மாடு தலையைத் தாழ்த்தினால் கொம்பும், நாய் நிமிர்ந்தால் வாயும் சரியாகப் பிள்ளையின் முகத்துக்கும் தலைக்கும் நேரே வருகின்றன. எங்கள் வீட்டுப் படித்த பிள்ளைகளுக்கே தெரியாத விஷயம் இது.

அங்கே பக்கத்துக் கட்டிலில், வளர்ப்பு நாய் நெற்றியில் கடித்த ஒரு சிறுவன் இருந்தான். கடித்த உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவினார்களா என்று நர்ஸ் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். தலையிலும் முகத்திலும் கடி என்றால் ஊசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றியே வெறிநோய்க்கு எதிரான மருந்தும் செலுத்த வேண்டும் என்று அந்தத் தாய்க்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டே எனக்கும் தைரியம் வந்தது. வார்டைத் துடைக்க வந்தபோதெல்லாம் என் மகள் தலையைத் தொட்டுக் கும்பிட்டுப் போன அம்மாவுக்கும் என் வணக்கம்.

இங்கே ஊரில் என் மூத்தவனுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பிய அப்பத்தாவுக்கும், கேட்காமலே வந்து மாட்டைக் கறந்து கன்றையும் கவனித்த எதிர்வீட்டு அண்ணனுக்கும் நன்றி. கால்நடை மருத்துவர் ஐயா சொன்னபடி தொழுவத்துக்கு மூங்கில் தட்டி அடைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி கொண்டியும் போட்டாயிற்று. அடுத்து ஈனும் கன்றுக்குச் சில வாரத்திலேயே கொம்புக் குருத்தைச் சுட்டுவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

ஸ்கேன் படமும் மதுரைச் சீட்டுகளும் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளையை மாடு முட்டினாலும், உதைத்தாலும், நாய் தலையில் கடித்தாலும், காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எந்த நேரமானாலும் நான் கூட வருகிறேன்.