பொருந்தாத முன் பம்பரைத் திரும்பப் பெற மறுப்பது குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணையவழிக் கார் உதிரிபாக விற்பனை நிறுவனம்.

ஐயா,

என் 2019 மாடல் மாருதி ஸ்விஃப்ட்டுக்கு உங்களிடம் முன் பம்பர் கவர் வாங்கினேன். அது பொருந்தவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "மெக்கானிக் இல்லாமல் வீட்டிலேயே மாட்டியிருக்கிறீர்கள், ரிட்டர்ன் கிடையாது" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் விற்பனைப் பக்கத்திலேயே "வீட்டிலேயே எளிதாக மாட்டலாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதன் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன்.

முதலில் பேக்கிங். ஸ்விஃப்ட்டின் அகலம் 1735 மில்லிமீட்டர். நீங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டி நாலரை அடி கூட இல்லை. பம்பரை மடக்கி, டேப் சுற்றித் திணித்திருந்தீர்கள். பம்பர் செய்யும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் வளையக்கூடியதுதான், சரி. ஆனால் வெயிலில் லாரியிலும் குடோனிலும் மடங்கியே கிடந்தால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். வெளியே எடுத்தபோதே வலது முனை உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. பெட்டியைப் பிரித்த வீடியோவில் இது தெளிவாகத் தெரியும். கூட வருவதாகச் சொன்ன கிளிப் பாக்கெட்டும் அதில் இல்லை.

பானட்டைத் திறந்து மேல்வரிசைக் கிளிப்புகள், வீல் ஆர்ச் லைனர் (சக்கரக் குழியின் உள்மறைப்பு) ஸ்க்ரூக்கள், அடிப்பக்கக் கிளிப்புகள் எல்லாவற்றையும் கழற்றினோம். ஃபாக் லேம்ப் ஒயரைப் பிரித்துவிட்டு, பழைய பம்பரை இரண்டு பேராகப் பிடித்து இறக்கினோம். புதியதை வைத்தால் இடது பக்கம் 'டக்' என்று உட்கார்ந்தது. வலது பக்கம், முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டருக்குக் கீழே உள்ள பிராக்கெட்டில் (பம்பரைப் பிடிக்கும் தாங்கி) மாட்டவே இல்லை. ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் நடுவே விரல் நுழைகிறது. இழுத்துப் பிடித்து மாட்டினால் ஃபாக் லேம்ப் துளை விலகிவிடுகிறது. பிராக்கெட் கோணலாக இருக்குமோ என்று பழைய பம்பரையே திரும்ப மாட்டிப் பார்த்தோம். நம்பர் பிளேட் அருகே உடைந்த அந்தப் பழசு இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

புதிய பம்பரில் பெயின்ட் அடிக்கவில்லை, துளை போடவில்லை. பெயின்ட்டுக்கு முன் ஒருமுறை மாட்டிப் பார்ப்பது எந்த டிங்கரிங் பட்டறையிலும் செய்வதுதான். பொருந்துமா என்பதை மாட்டாமல் வேறு எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் சேவை மைய ஊழியர் போனில் சொன்ன யோசனை இன்னும் வேடிக்கை: ஹீட் கன்னால் சூடாக்கி இழுத்து, ஓரத்தில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்க வேண்டுமாம். அப்படிச் செய்திருந்தால் "பொருளை மாற்றியமைத்துவிட்டீர்கள்" என்று அடுத்த பதில் வந்திருக்கும்.

குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு.

எனக்கு மாற்றுப் பொருள் வேண்டாம். அதையும் இதே பெட்டியில்தான் மடக்கி அனுப்புவீர்கள். உங்கள் செலவிலேயே ஆள் அனுப்பிப் பம்பரை எடுத்துக்கொண்டு, டெலிவரி கட்டணம் உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஸ்கிரீன்ஷாட், வீடியோ, இரண்டு பம்பர்களையும் மாட்டி எடுத்த படங்கள்.