படகை ஏன் அஞ்சரைக்கே கட்டிடறாங்க? ஆலப்புழை ஹவுஸ்போட் கேக்கற நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க,

காலாண்டு லீவு, அரையாண்டு லீவு நெருங்கினா நம்ம ஆபீஸ் போன் ஆலப்புழைக்காகவே அடிக்க ஆரம்பிச்சுடும். குடும்பத்தோட ஒரு நாள் ஹவுஸ்போட்ல தங்கணும், ரெண்டு ரூம் வேணும், அம்மா அப்பாவும் வர்றாங்க, சின்னக் குழந்தை இருக்கு, ரேட் சொல்லுங்கன்னு கேப்பீங்க. ரேட் சொன்ன ஒடனே அடுத்த கேள்வி எல்லாரும் ஒண்ணு போலவே கேக்கறீங்க. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஏத்தறாங்க, மறுநாள் காலைல ஒம்பதுக்கு எறக்கி விட்டுடறாங்க, அதுலயும் சாயந்திரம் அஞ்சரைக்கு எங்கயோ கரையோரமா கட்டிப் போட்டுடறாங்க, ஓடறதே அஞ்சு மணி நேரந்தான், அதுக்கு இத்தனை காசான்னு. போன்ல ரெண்டு நிமிஷத்துல இதுக்கு பதில் சொல்ல முடியறதில்ல, அதனால உக்காந்து விவரமா எழுதறோம்.

அஞ்சரை மணிங்கறது படகுக்காரங்க டீசல் மிச்சம் புடிக்க வச்ச நேரம் இல்லைங்க. பொழுது சாஞ்சா அந்தக் காயல்ல, அதாவது கடலோரத்து உப்பங்கழி ஏரில, மீன்புடிக்கிறவங்க வலை போடுவாங்க, விடியற வரைக்கும் அது அவங்க நேரம். அத்தனை பெரிய படகு இருட்டுல உள்ள புகுந்தா வலை கிழியும், இல்ல படகுக்கு அடியில இருக்கற இஞ்சின் காத்தாடில சுத்திக்கும், சின்ன வள்ளத்துல ஒத்தை ஆளா உக்காந்துட்டு இருக்கறவர் மேல மோதினா கேக்கவே வேண்டாம். அதனால சாயந்திரத்துக்கு மேல ஹவுஸ்போட் ஓடக்கூடாதுன்னு அங்க கட்டுப்பாடு. கொஞ்சம் எக்ஸ்ட்ரா தர்றோம், இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கன்னு தயவுசெஞ்சு டிரைவர்கிட்ட கேக்காதீங்க. ஒத்துக்கற படகுல நாங்க உங்கள ஏத்தவே மாட்டோம்.

இன்னொண்ணு, நீங்க வாங்கறது போட் சவாரி இல்ல. ஒரு வீட்ட ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கறீங்க, அந்த வீடு தண்ணி மேல நிக்குது, அவ்வளவுதான். படகு ஓட்டற ஸ்ராங்கு ஒருத்தர், இஞ்சின் பாக்கறவர் ஒருத்தர், சமையல்காரர் ஒருத்தர்னு மூணு பேர் உங்களுக்காகவே ராத்திரியும் அந்தப் படகுலயேதான் இருக்காங்க. மத்தியான சாப்பாடு, சாயந்திரம் டீயோட பழம்பொரி, ராத்திரி சாப்பாடு, காலை டிபன் எல்லாம் அந்தக் காசுக்குள்ளதான் வருது. படகு நிக்கிற நேரமும் நீங்க காசு கொடுத்த நேரந்தான், சொல்லப்போனா வயசானவங்க, குழந்தைங்க இருக்கற குடும்பத்துக்கு அந்த நேரந்தான் ரொம்ப நல்ல நேரம். இஞ்சின் சத்தம் நின்னுடும், கரைல எறங்கி வரப்பு மேலயே ஒரு நடை போயிட்டு வரலாம், தாத்தா பேரனோட உக்காந்து சீட்டு விளையாடலாம், வீட்ல ஆளுக்கொரு மூலைல போன் பாத்துட்டு இருக்கறவங்க இங்க ஒரே டெக்ல உக்காந்துதான் ஆகணும்.

எங்க போறோம்னு தெரிஞ்சுகிட்டு போனா இன்னும் நல்லா இருக்கும். ஏறுறது பெரும்பாலும் புன்னமடை ஃபினிஷிங் பாயிண்ட்ல. நேரு டிராபி பாம்புப் படகுப் போட்டி முடியற எடம் அதுதான், 1952ல நேரு வந்தப்போ அவருக்காக நடத்தின போட்டிதான் இன்னிக்கு வரைக்கும் தொடருது. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல வேம்பநாட்டுக் காயல் திறந்துக்கும். தொண்ணூத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல நீளம், இந்தியாவுலயே நீளமான ஏரி, 2002ல இருந்து ராம்சர்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல இருக்கு. சபரிமலைக்கு மாலை போட்டு நீங்க முங்கிக் குளிச்சீங்களே பம்பை, அது கடைசியா வந்து சேர்ற எடமும் இதுதான். நம்ம பக்கத்து ஐயப்ப பக்தர்களுக்குத் தெரிஞ்ச அச்சன்கோவில் ஆறும் இங்கதான் வந்து கலக்குது, மணிமலை, மீனச்சில் ஆறுகளும் இதே தண்ணிலதான்.

ஆனா நாங்க நம்ம ஆளுங்ககிட்ட முக்கியமா பாக்கச் சொல்றது ஏரிய இல்ல, அதச் சுத்தி தாழ்வா இருக்கற நெல்லு பூமி, குட்டநாட்டு வயல. கைநகரி பக்கம் போறப்போ டெக்ல எந்திரிச்சு நின்னு பாருங்க, நெல்லு வயல் உங்க கண்ணுக்குக் கீழ இருக்கும், நீங்க போற தண்ணி மேல இருக்கும். கடல் மட்டத்துக்குக் கீழ ரெண்டு மீட்டர் வரைக்கும் ஆழமான வயல் இருக்கு, சுத்தி வரப்பு கட்டி, தண்ணிய எறைச்சு வெளிய தள்ளிட்டு உள்ள நெல்லு போடறாங்க. சித்திரை, மார்த்தாண்டம், ராணின்னு மூணு காயல் நிலம் இருக்கு, 1940கள்ல ஜோசப் முரிக்கன்னு ஒரு விவசாயி ஆயிரக்கணக்கான கூலியாட்கள வச்சு காயலுக்குள்ளயே வரப்பு எழுப்பி உண்டாக்கின நிலங்க அது. மிஷின் எதுவும் பெருசா இல்லாத காலம், சேத்த முங்கி முங்கி அள்ளித்தான் வரப்பு கட்டிருக்காங்க. டெல்டா பக்கம் இருந்து வர்ற நம்ம கஸ்டமர்ஸ், வயல் வேல தெரிஞ்சவங்க, இதப் பாத்துட்டு வந்து எங்ககிட்ட மணிக்கணக்கா பேசுவாங்க. 2013ல ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பு இத பாரம்பரிய விவசாய முறைன்னு அங்கீகாரம் கொடுத்துச்சு, எங்களக் கேட்டா அது ரொம்ப லேட்டா கிடைச்ச மரியாத.

நீங்க ஏறப்போற படகும் அந்த நெல்லு சுமந்த படகோட வகைதான். கெட்டுவள்ளம்னு பேரு, ஆஞ்சிலி மரப் பலகைய ஆணி அடிக்காம கயிறால கட்டித் தச்சு செய்யறது. குட்டநாட்டு நெல்லையும் தேங்காயையும் கொச்சிக்குக் கொண்டு போயிட்டு இருந்துச்சு. ரோடு வந்துச்சு, லாரி வந்துச்சு, படகுக்கு வேல போச்சு. 1990கள் ஆரம்பத்துலதான் அதுமேல மூங்கிலும் பாயும் வச்சு ரூம் கட்டி சுற்றுலாவுக்கு விட ஆரம்பிச்சாங்க. இப்ப மாடி வச்சது, ஹால் வச்சதுன்னு பெரிய பெரிய படகெல்லாம் வந்தாச்சு.

அடுத்தது சாப்பாடு. குழந்தைங்களுக்கு காரம் ஆகாதுன்னா ஏறின ஒடனே சமையல்காரர்கிட்ட சொல்லிடுங்க, அவர் மத்தியான சமையல அதுக்கு முன்னாடியே பாதி முடிச்சிருப்பார். கேரளத்து செவப்பு மட்ட அரிசிச் சோறு நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு செரிக்காம இருக்கலாம், வெள்ளை அரிசி வேணும்னா முன்கூட்டியே எங்ககிட்ட சொல்லுங்க, ஏற்பாடு பண்ணிடறோம். ஆளுக்கொரு கரிமீன் வறுவல் மெனுவுலயே இருக்கும். நடுவுல ஒரு மீன் கடைல நிறுத்துவாங்க, கொஞ்சு, அதாவது கை நீளத்துக்கு இருக்கற ஆத்து எறா, பாத்தா ஆசையா இருக்கும், விலைய கேட்டுட்டு, எடை போடறத பாத்துட்டு, சமைக்கறதுக்குத் தனியா காசு உண்டான்னும் கேட்டுட்டு வாங்குங்க. வாங்காட்டியும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. சைவம் மட்டும் சாப்பிடற குடும்பங்களுக்கு அவியல், தோரன், பருப்பு, புளிசேரின்னு நிறைவாவே போடுவாங்க, ஆனா தனிப் பாத்திரம் வேணும்னா அதையும் முன்னாடியே சொல்லணும்.

ஏசி விஷயத்துல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. சாதாரண டீலக்ஸ் படகுல ஏசி ராத்திரி ஒம்பதுல இருந்து காலைல ஆறு வரைக்குந்தான், மத்த நேரம் ஃபேன். நாள் பூரா ஏசி வேணும்னா பிரீமியம் எடுக்கணும், ரேட் அதுக்குத் தகுந்த மாதிரி ஏறும். ஏப்ரல் மே மாசம் போறவங்க பிரீமியம் எடுக்கறது நல்லது, அங்க வெயில விட புழுக்கம் ஜாஸ்தி. ஜனவரி, பிப்ரவரின்னா டெக்ல வர்ற காத்தே போதும், அந்தக் காசுக்கு ஏசி வேண்டாம்னு நாங்களே சொல்லிடுவோம்.

இப்ப நாங்க பிடிவாதமா இருக்கற விஷயத்துக்கு வர்றோம். புக் பண்றப்போ ஆள் எண்ணிக்கையும் குழந்தைங்க வயசும் துருவித் துருவிக் கேக்கறோம்னு சில பேருக்குக் கோவம் வருது. கைக்குழந்தையையும் ஒரு ஆளாத்தான் எழுதுவோம். 2009 செப்டம்பர் 30, தேக்கடில போட் கவுந்து 45 பேர் போனாங்க, அதுல நம்ம தமிழ்நாட்டு ஆளுங்களும் உண்டு. மேல் தட்டுல இருந்தவங்க எல்லாரும் விலங்கு பாக்க ஒரே பக்கம் சாஞ்சதுதான் காரணம்னு அப்ப பேசினாங்க. 2023 மே 7, மலப்புரம் மாவட்டம் தானூர்ல பொழுது சாஞ்ச நேரத்துல அளவுக்கு மேல ஆள் ஏத்திட்டுப் போன படகு கவுந்து 22 பேர், அதுல குழந்தைங்கதான் நிறைய. இத எழுதறப்போ கை நடுங்குது, ஆனா எழுதாம உங்ககிட்ட காசு வாங்க மனசு வரல. தானூர் படகு ஹவுஸ்போட் இல்ல, கெட்டுவள்ளம் அகலமானது, நிதானமாத்தான் போகும். அதுக்காக கணக்கு மாறிடாது. எத்தன பேருக்கு லைசென்ஸோ அத்தன பேர்தான், மாடில எத்தன பேர் நிக்கலாம்னு எழுதிருக்கோ அத்தன பேர்தான். பர்த்டே பார்ட்டிக்கு மட்டும் இன்னும் பத்து பேர் ஏறிக்கறோம்னு சொன்னா தனியா இன்னொரு படகு போட்டுக் கொடுப்போம், இல்லன்னா வேண்டாம்னுடுவோம்.

நாங்க போடற படகுக்கு ரிஜிஸ்ட்ரேஷன், சர்வே, இன்சூரன்ஸ் பேப்பர் பாத்துட்டுத்தான் போடறோம், ஸ்ராங்குக்கு லைசென்ஸ் இருக்கான்னும் பாக்கறோம். படகுத் துறைல போய் எறங்கின ஒடனே நாலு பேர் சூழ்ந்துகிட்டு பாதி ரேட்டுக்கு தர்றேம்பாங்க, அதுல நல்ல படகும் இருக்கலாம், ஆனா போட்டோல காட்டினது ஒண்ணு, ஏத்தினது ஒண்ணுன்னு வருத்தப்பட்டு வந்தவங்க நமக்குத் தெரிஞ்சே இருக்காங்க. அங்க போய் எடுக்கறதா இருந்தாலும் பரவால்ல, பேப்பர கேளுங்க, லைஃப் ஜாக்கெட் எண்ணிப் பாருங்க, குழந்தை சைஸ் இருக்கான்னு எடுத்துப் போட்டே பாருங்க. பெரியவங்க ஜாக்கெட்ட குழந்தைக்குப் போட்டா தலை வழியா உருவிட்டு வந்துடும். முன்பக்க டெக்குல தடுப்பு தாழ்வா இருக்கும், அங்க குழந்தைங்க உக்காந்தா பெரியவங்க ஒருத்தர் கூடவே இருக்கணும். கட்டிப் போட்ட எடத்துல எறங்கி நீஞ்சறது வேண்டவே வேண்டாம், கீழ சேறு, மேல ஆகாயத்தாமரை, கால் சிக்கினா எடுக்க முடியாது.

ஆகாயத்தாமரைன்னு சொன்னோமில்ல, அதப் பத்தியும் கேப்பீங்க, தண்ணி ஏன் பச்சையா மூடிக் கிடக்குன்னு. 1976ல தண்ணீர்முக்கம்னு ஒரு தடுப்பு கட்டினாங்க, கோடைல கடல் உப்பு வயலுக்குள்ள ஏறாம இருக்க. டிசம்பர் வாக்குல மூடுவாங்க, அறுவடை முடியற சமயம் திறப்பாங்க. உப்பு வந்தா சாகற களை, உப்பு வராததால பெருகிடுது. அதோட ஹவுஸ்போட் கழிவும் சேந்துச்சுன்னா அந்தத் தண்ணிய நம்பி இருக்கற ஜனங்க பாடு திண்டாட்டம். சுத்தி எங்க பாத்தாலும் தண்ணி, ஆனா குட்டநாட்டுல குடிக்கற தண்ணிக்குத் தட்டுப்பாடு. கரையோரம் பாத்தீங்கன்னா அந்த ஆத்துலதான் துணி துவைக்கறாங்க, பாத்திரம் கழுவறாங்க, பிள்ளைங்க சர்க்கார் போட்ல பள்ளிக்கூடம் போறாங்க. அதனால டயப்பர், நாப்கின், சிப்ஸ் கவர் எதுவும் தண்ணிலயும் போடக்கூடாது, டாய்லெட்லயும் போடக்கூடாது, ரூம்ல கவர் வச்சிருப்போம், அதுல கட்டி வச்சா கரைல எறக்கிடுவாங்க. ராத்திரி ஸ்பீக்கர்ல பாட்டு வேண்டாம். பத்தடி தள்ளி ஒரு வீட்ல படிக்கற பிள்ளை இருக்கும்.

குறுகலான வாய்க்காலுக்குள்ள ஹவுஸ்போட் போகாது, அது தெரியாம நிறைய பேர் ஏமாந்து போறாங்க. உள்ள போய் வீடுகளயும் தென்னந்தோப்பயும் கிட்டத்துல பாக்கணும்னா கட்டின பிறகு சின்ன வள்ளமோ, கூரை போட்ட சின்னப் படகான ஷிகாராவோ ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக்கலாம், எங்களைக் கேட்டா இந்தச் செலவ மட்டும் மிச்சம் புடிக்காதீங்க.

போறது வர்றதுக்கு, சென்னைல இருந்து ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி காலைல சேந்துடும், படகு நேரத்துக்கு சரியா இருக்கும். மதுரை, தேனி பக்கத்து ஆளுங்க குமுளி வழியா கார்ல வர்றீங்க, மலை ஏறி எறங்கி வர்றப்போ குழந்தைங்களுக்கு வாந்தி வரும், அன்னிக்கே படகு ஏறாம ஒரு ராத்திரி தேக்கடில தங்கிட்டு விடிய கிளம்புங்க. படகுல இருந்து எறங்கின அன்னிக்கு நேரம் இருந்தா வைக்கம் போயிட்டு வாங்க, அதே காயல் கரைதான், கார்ல ஒரு மணி நேரம். 1924ல கோயில் தெருவுல நடக்கற உரிமைக்காக பெரியார் போய் ஜெயிலுக்குப் போன ஊரு, நினைவகத்த புதுப்பிச்சு 2024 டிசம்பர்ல திறந்திருக்காங்க, படிக்கற பிள்ளைங்களுக்குக் காட்ட வேண்டிய எடம்.

புக்கிங்குக்கு மெசேஜ் போடறப்போ தேதி, பெரியவங்க எத்தன பேர், குழந்தைங்க வயசு, சைவமா அசைவமா, மாடி ஏற முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களான்னு ஒரே மெசேஜ்ல எழுதிடுங்க. ஆகஸ்ட் மாசம் நேரு டிராபி போட்டி நடக்கற சனிக்கிழமை புன்னமடைல படகு எடுக்க முடியாது, இப்ப சில வருஷமா அந்தத் தேதியும் தள்ளிப் போகுது, அதனால கேட்டுட்டு லீவு போடுங்க. கிறிஸ்துமஸ், நியூ இயர் வாரம் வேணுங்கறவங்க தீபாவளிக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அதுக்கு மேல நல்ல படகு கையில நிக்காது.

அன்போட,
உங்க டிராவல்ஸ்காரங்க,
கோயமுத்தூர்