சொந்தக் கொழுப்புதானேன்னு சொல்லி முடிச்சிட்டா எப்படிங்க?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மகளிர் இணைப்புல, ஒட்டிப்போன கன்னத்துல வயித்துக் கொழுப்ப எடுத்து ஏத்திக்கிறதப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. சொந்தக் கொழுப்புங்கிறதால பக்கவிளைவே கிடையாதுன்னு அதுல இருந்துச்சு. பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டர்ல ரொம்ப காலம் நர்ஸா இருந்தவ நான், அந்த வரியப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல.

அலர்ஜி வராது, உடம்பு அத வெளியாள்னு தள்ளாது, அதெல்லாம் நிஜம்தான். சிகிச்சையும் புதுசில்ல, 1893லயே ஜெர்மனில நாய்பர்னு ஒரு சர்ஜன் கையில இருந்து கொழுப்பெடுத்து முகத்துல குழி விழுந்த தழும்ப நிரப்பியிருக்கார். முகத்துல ஒரு பக்கம் மட்டும் சுருங்கிக்கிட்டே போற பேரி ராம்பெர்க்னு ஒரு வியாதி இருக்கு, அந்தப் பிள்ளைங்களுக்கு இது பெரிய வரம், அதனால நான் இதுக்கு எதிரி இல்லீங்க.

ஆனா உறிஞ்சி எடுத்த கொழுப்புக்கு ரத்த ஓட்டம் அந்துபோச்சுல்ல, புது எடத்துல ரத்தக்குழாய் வந்து சேர்ற வரைக்கும் சுத்தி உள்ள திசுவுல இருந்து கசியுறத வச்சுதான் அது பொழைக்கணும், அதான் நல்ல டாக்டருங்க பொடிப்பொடியா, பல அடுக்குல, கேனுலாங்கிற மெல்லிசான குழாய இழுத்துக்கிட்டே விடுவாங்க. நாத்தக் கொத்தா நட்டா நடுவுல உள்ளது அழுகுற மாதிரி, ஒரே எடத்துல உருண்டையா விட்டா உள்ள செத்துப்போய் எண்ணெய் கோத்த கட்டியா, சில சமயம் சுண்ணாம்பு பிடிச்ச கட்டியா நிக்கும். மார்புல இப்படிக் கட்டி வந்தா மேமோகிராம்ல கேன்சரோன்னு குழப்பும்னு பயந்துதான் 1987ல அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் சங்கமே மார்புக்கு வேண்டாம்னு சொல்லுச்சு, அந்த நிலைய மாத்திக்க 2009 ஆச்சு.

எல்லாம் ஒழுங்கா பண்ணுனாலும் போட்டதுல ஒரு பங்கு கரைஞ்சுதான் போகும், சிலருக்குப் பாதிக்கு மேலயே போயிடும். முதல் மாசம் செல்ஃபில தெரியுற உப்பலான கன்னத்துல வீக்கமும் சேர்த்தி, மூணுலேர்ந்து ஆறு மாசம் கழிச்சு பாக்குறதுதான் கணக்கு. கட்டுரைல போட்டிருந்த ஆஃப்டர் போட்டோ எத்தனாவது மாசம்னு போடவே இல்லையே? அப்புறம் இப்ப மவுஞ்சாரோ ஊசி போட்டு மளமளன்னு இளைச்சு முகம் வத்திப்போய் வர்றவங்க இருக்காங்க, வெயிட் ஒரு எடத்துல நிக்கிறதுக்கு முன்னாடியே கொழுப்பு ஏத்துனா, அவங்க இன்னும் இளைக்கிறப்ப ஏத்துனதும் சேந்துதான் இளைக்கும்.

முக்கியமான விஷயம், உயிருக்கே ஆபத்து. புருவத்துக்கு நடுவுலயோ மூக்கு ஓரத்துலயோ ஏத்துறப்ப ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா கண் பார்வை போகலாம், பக்கவாதம்கூட வரலாம். கொழுப்புக்குப் பதிலா ஊசில ஏத்துற ஃபில்லர் ஜெல்லுல ஹயலூரானிக் ஆசிட் வகையா இருந்தா அதக் கரைக்க ஒரு ஊசியாவது இருக்கு, கொழுப்புக்கு அதுவும் இல்ல. பின்பக்கத்தப் பெருசாக்க கொழுப்பு ஏத்துற பிபிஎல், அதாவது பிரேசிலியன் பட் லிஃப்ட், இன்னும் மோசம். தசைக்குள்ள பெரிய வெயின் கிழிஞ்சு கொழுப்பு நேரா நுரையீரலுக்குப் போயி செத்தவங்க உண்டு. 2017ல சர்ஜன்கள் கிட்ட எடுத்த சர்வேல, மூவாயிரத்துல ஒருத்தர் வரைக்கும் சாகலாம்னு கணக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் பிரிட்டன்ல அழகு சிகிச்சை சர்ஜன் சங்கம் எங்க ஆளுங்க யாரும் பண்ணாதீங்கன்னுடுச்சு, 2019ல அமெரிக்காவுல ஃபுளோரிடா மாநிலம் தசைக்குள்ள ஊசி போகக் கூடாதுன்னு விதியே போட்டுச்சு. இதுவும் அவங்கவங்க சொந்தக் கொழுப்புதானுங்களே.

அதே பக்கத்துல கீழ ஸ்டெம் செல் ஃபேஸ்லிஃப்ட்னு ஒரு விளம்பரம் வேற! ஸ்டெம் செல்லுன்னா வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதான் ஐசிஎம்ஆர், போட்ட 2017 வழிகாட்டுதல்படி ரத்த சம்பந்தமான சில வியாதிங்களுக்குத்தான் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு அனுமதி, மத்ததெல்லாம் ஆராய்ச்சியாத்தான் செய்யணும். விளம்பரத்துல சிரிக்கிற பொண்ணு போட்டோ பெருசா இருக்கு, டாக்டர் படிப்பு என்னன்னு ஒரு எழுத்து இல்ல.

இனிமே இந்த மாதிரி போடுறப்ப, பண்றவர் பிளாஸ்டிக் சர்ஜரில எம்சிஎச் இல்லன்னா டிஎன்பி பட்டம் முடிச்சவரா, மயக்க டாக்டர் கூட இருப்பாரா, போட்டோ எத்தனாவது மாசம் எடுத்தது, இத மட்டுமாவது கேட்டு சேத்துப் போடுங்க. போன வாரக் கட்டுரைக்கும் ஒரு திருத்தம் வரணும், உள்பக்கத்து மூலைல இல்லாம அதே மகளிர் இணைப்புலயே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ், மதுரை