எஸ்.பி.எல். யார் என்பதை மாணவிகளே முடிவு செய்யட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகள் திறந்து சில வாரங்கள் ஆனதும் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். பள்ளி மேடை, குத்துவிளக்கு, நடுவில் சிறப்பு விருந்தினர், அவருக்கு இந்தப் பக்கம் தாளாளர் சிஸ்டர், அந்தப் பக்கம் தலைமையாசிரியை சிஸ்டர், முன்வரிசையில் தோளில் பட்டையும் சட்டையில் பேட்ஜும் அணிந்த பெண் பிள்ளைகள். 'மாணவியர் தலைவிகள் பதவியேற்பு' என்று கீழே ஒரு வரி. இந்த ஆண்டும் வந்தன. கத்தோலிக்கப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் படங்களை ஆசையோடுதான் பார்ப்பேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்று கேட்கத் தோன்றும்: இந்தப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது யார்?

எனக்குத் தெரிந்த பள்ளிகளில் பெரும்பாலும் ஆசிரியர்கள்தான். வகுப்பாசிரியைகள் ஆளுக்கு இரண்டு பெயர் சொல்வார்கள். யாருக்கு மதிப்பெண் அதிகம், கொடி பிடித்து நடந்தால் யார் எடுப்பாக இருப்பாள், வருகிற விருந்தினரை ஆங்கிலத்தில் வரவேற்க யாரால் முடியும் என்று பார்ப்பார்கள். ஆசிரியர் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் எஸ்.பி.எல். (பள்ளி மாணவியர் தலைவி), ஏ.எஸ்.பி.எல். (துணைத் தலைவி), ஹவுஸ் கேப்டன்கள் எல்லாம் முடிவாகிவிடும். மறுநாள் பிரேயரில் பெயர் வாசிப்பார்கள். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

ஆங்கிலம் என்ற அந்த ஒரு நிபந்தனை என்ன செய்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அரசு உதவி பெறும் பள்ளி வளாகங்கள் பலவற்றில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்றே சொல்லலாம். ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கும் தமிழ் வழிப் பிரிவு ஒன்று. கட்டணம் வாங்கி நடத்தும் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவு இன்னொன்று. சீருடை ஒன்று, பிரேயர் ஒன்று, மைதானமும் ஒன்று. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் விடுதிப் பிள்ளைகளும் அநேகமாகத் தமிழ் வழியில்தான் படிப்பார்கள். 'மேடையில் இங்கிலீஷில் பேச வேண்டும்' என்று சொன்ன உடனே பள்ளியின் ஒரு பாதி கணக்கிலேயே இல்லாமல் போய்விடுகிறது. யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை, உண்மைதான். ஆனாலும் ஆறாம் வகுப்பு கடைசிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், வருஷா வருஷம் பார்த்துப் பார்த்து, எஸ்.பி.எல். நம் பக்கத்திலிருந்து வரவே மாட்டாள் என்று முடிவு கட்டிவிடுகிறாள். அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது, 'நீ நிற்கிறாயா?' என்று கேட்டால்கூடச் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

சிஸ்டர்கள் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. நான் கத்தோலிக்கர் அல்ல. ஆனால் அவர்கள் நடத்திய பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் என் அம்மாவுக்கு எழுத்து தெரிந்திருக்காது. 1844-இல் புதுச்சேரியில் லூயி சவினியன் துப்புயி என்ற பிரெஞ்சுக் குரு, பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்காகவே மரியாவின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. (தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்றைத் தயாரித்த இருவரில் அவரும் ஒருவர், தமிழாசிரியை என்ற முறையில் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.) யாரும் எட்டிப் பார்க்காத வீட்டுப் பெண்ணைத் தேடிப் போய்ப் பள்ளிக்கு அழைத்து வந்தவர்களின் வழியில் வந்த பள்ளிகள், அந்தப் பெண்ணைத் தலைவியாக மேடையேற்றத் தயங்குவதுதான் எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது.

இத்தனைக்கும் தலைமைப் பொறுப்பை நன்றாகப் பழகியவர்கள் அந்த வளாகத்தின் பின்பக்கத்திலேயே இருக்கிறார்கள். விடுதியில் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தால் தெரியும். நீள மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பெரிய பெண் பொறுப்பு. அவள்தான் சமையலறையிலிருந்து சோற்றுச் சட்டியையும் சாம்பார் வாளியையும் தூக்கி வருவாள். சின்னப் பிள்ளைகளில் தொடங்கி வரிசையாக ஊற்றிக்கொண்டே போவாள். அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கித்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதலில் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் கடைசியில் இருப்பவர்களுக்குக் காயும் போய்விடும். இரண்டாம் தடவை கேட்கிறவளுக்குக் கொடுத்தால் கடைசிப் பிள்ளைக்குப் போதுமா என்று வாளியை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். எல்லாருக்கும் போட்ட பிறகுதான் அவள் தட்டு. யாராவது சாப்பிடாமல் எழுந்தால், காய்ச்சலா, வீட்டு ஞாபகமா, சண்டையா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். வார்டன் சிஸ்டருக்கு அவள் சொல்லித்தான் தெரியவரும். பெரியவராக இருக்க விரும்புகிறவர் தொண்டராக இருக்க வேண்டும் என்று மத்தேயு நற்செய்தியில் வருவதைப் பிரேயரில் எத்தனையோ முறை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அந்த வசனப்படி நடக்கிற பெண்ணுக்குப் பட்டை கிடைப்பதில்லை.

எங்கள் பள்ளியில் சில ஆண்டுகள் இது மாறியிருந்தது. அப்போது வந்த தலைமையாசிரியை சிஸ்டர் ஒய்.சி.எஸ். என்கிற இளம் கிறித்தவ மாணவர் இயக்கத்தில் வளர்ந்தவர். பெல்ஜியத்தில் தொழிலாளர் வீட்டு இளைஞர்களைத் திரட்டிய ஜோசப் கார்டைன் என்ற குருவின் வழிமுறை அந்த இயக்கத்துக்கு அடிப்படை. சுற்றி நடப்பதைப் பார், அதைச் சீர்தூக்கு, அப்புறம் செயல்படு. 1961-இல் திருத்தந்தை 23-ஆம் ஜான் தம் சுற்றுமடலிலேயே இந்த முறையைப் பரிந்துரைத்தார். ஆக, மாணவிகளே பார்த்து முடிவெடுப்பது கத்தோலிக்கப் பள்ளிக்கு வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து திணிக்கும் புதுமை கிடையாது.

அந்த சிஸ்டர் தேர்தல் வைத்தார். ஆறாம் வகுப்பு முதல் எல்லாருக்கும் ஓட்டு. நூலக அறைதான் வாக்குச்சாவடி, செருப்புக் கடை அட்டைப்பெட்டிதான் வாக்குப்பெட்டி. குடை, பூட்டு, பந்து என்று கட்சிகளோடு தொடர்பில்லாத சின்னங்கள். துண்டுச்சீட்டு அடிக்கக் கூடாது, மிட்டாய் கொடுக்கக் கூடாது. பிரேயரில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். தமிழோ ஆங்கிலமோ அவரவர் விருப்பம்.

ஒரு வருஷம் சிறுமலை அடிவாரத்துக் கிராமத்திலிருந்து வந்த விடுதிப் பெண் நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் 'பள்ளியின் புகழை உயர்த்துவேன்' என்கிற மாதிரிதான் பேசினார்கள். இவள் மைக்கைப் பிடித்து, "சாயங்காலம் பஸ்ஸை விட்டுட்டு இருட்டுற வரைக்கும் நிக்கிறவங்க கை தூக்குங்க" என்றாள். கைகள் எழுந்துகொண்டே இருந்தன. எங்களுக்கே அன்றைக்குத்தான் அத்தனை பேர் என்று தெரிந்தது. பள்ளி விடுவதற்கும் கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ் கிளம்புவதற்கும் ஐந்து நிமிட இடைவெளிகூட இல்லை. ஓடினாலும் பிடிக்க முடியாது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். இத்தனைக்கும் அவள் பஸ்ஸில் போகிறவளே இல்லை. விடுதி மாடியிலிருந்து தினமும் அந்தப் பிள்ளைகள் கேட் பக்கம் நிற்பதைப் பார்த்தவள். ஜெயித்த பிறகு ஹவுஸ் கேப்டன்களைக் கூட்டிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனாள். எந்த ஊர், எத்தனை பேர், எந்த பஸ் என்று நோட்டில் எழுதி, சார்ட் தாளில் கட்டம் போட்டு சிஸ்டர் மேசையில் விரித்தாள். பஸ் நேரத்தை மாற்றக் கேட்டு மனு கொடுத்தோம், அது நடக்கவில்லை. சிஸ்டர் பிரேயரைச் சுருக்கி, மதிய இடைவேளையில் கொஞ்சம் வெட்டி, பள்ளி விடும் நேரத்தை முன்னே கொண்டுவந்தார். பிள்ளைகள் வெளிச்சத்தில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு விழாவில் ஆங்கில வரவேற்புரையை வேறொரு மாணவி வாசித்தாள், எஸ்.பி.எல். தமிழில் நன்றி சொன்னாள். விழாவுக்கு ஒரு குறையும் வரவில்லை.

அப்புறம் அந்த சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. சபைகளில் இது வழக்கம்தான். அடுத்து வந்தவர் நல்லவர், ஆனால் தேர்தல் என்றால் தலைவலி என்று நினைத்தார். பழைய முறை திரும்பிவிட்டது. ஒரு தலைமையாசிரியையின் மனத்தை மட்டும் நம்பியிருந்தால் இப்படித்தான் ஆகும். சபைகளின் கல்விப் பொறுப்பாளர்கள் இதைத் தங்கள் பள்ளிகள் அனைத்துக்கும் விதியாகவே எழுதி வைக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

தேர்தல் வைத்தால் பிள்ளைகள் சாதி பார்ப்பார்கள், பிரிவினை வரும் என்று பயப்படுகிறார்கள். வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதி காட்டும் பழக்கம் நம் பள்ளிகளுக்குள் வந்துவிட்டது. 2023-இல் நாங்குநேரியில் சாதி வெறியில் மாணவர்களே மாணவனை வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. ஆனால் தேர்தலே வேண்டாம் என்று விட்டால் சாதி போய்விடாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அருட்பணியாளர் எட்வின் வளர்த்தெடுத்த குழந்தைகள் பாராளுமன்றங்களில் ஒரு நல்ல முறை இருக்கிறது. சுமார் 30 பிள்ளைகள் வட்டமாக உட்கார்வார்கள். ஒருவர் பெயரைச் சொல்கிற பிள்ளை, ஏன் அவள் என்பதையும் எல்லார் முன்பும் சொல்ல வேண்டும். 'எங்க ஆளு' என்று அங்கே வாய் திறந்து சொல்ல முடியாது. 'சண்டை வந்தால் இவள்தான் சமாதானம் செய்வாள்', 'கணக்கு வரவில்லை என்றால் உட்கார்ந்து சொல்லித் தருவாள்' என்று காரணம் தேடித்தான் ஆக வேண்டும். வகுப்பு அளவில் இப்படிக் காரணம் சொல்லித் தேர்ந்தெடுத்து, அவர்களிலிருந்து எஸ்.பி.எல்.-லை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கலாம். பணமும் செலவில்லை, ஒரு நாள் பாடமும் கெடாது.

தேர்ந்தெடுத்தவளுக்கு வேலையும் வேண்டும். வரிசையைச் சரி செய்வதும் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதும் மட்டும் என்றால், ஓட்டுப் போட்டும் பயனில்லை. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, நாப்கின் எரிக்கும் இயந்திரம் பழுது, குடிதண்ணீர்க் குழாயில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரியவர்கள் தள்ளிவிடுகிறார்கள் என்பதையெல்லாம் மாதம் ஒரு முறை தலைமையாசிரியையிடம் உட்கார்ந்து பேசும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும். தவக்காலத்தில் வகுப்பு வகுப்பாகப் பிடி அரிசி சேர்த்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவோம். அதை எடை போட்டுக் கணக்கு எழுதியது முழுக்க மாணவிகள்தான். முக்காடு போட்ட பிள்ளைகளும் திருநீறு வைத்த பிள்ளைகளும் சேர்ந்துதான் டிசம்பரில் குடில் கட்டுவார்கள், ஜனவரியில் அதே மைதானத்தில் பொங்கல் பானை ஏற்றுவார்கள். இதையெல்லாம் நடத்தத் தெரிந்தவர்களுக்குக் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசத் தெரியாதா? இன்னொன்றும் உண்டு. யாராவது தொந்தரவு கொடுத்தால் சின்னப் பெண் டீச்சரிடம் முதலில் சொல்ல மாட்டாள். நம்பிக்கையான ஓர் அக்காவிடம்தான் சொல்வாள். 1098, 14417 என்ற உதவி எண்களையும், கேட்டதை யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அந்த அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மேடையில் மட்டும் பார்த்துப் பழகிய அக்காவிடம் எந்தப் பிள்ளையும் போய் அழாது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016-இலேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. ஆனாலும் பல ஊராட்சிகளில் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருப்பதை உங்கள் செய்தியாளர்களே எழுதுகிறார்கள். கூட்டத்தில் எழுந்து பேசவும், கணக்குக் கேட்கவும், தோற்றால் மறுநாள் ஜெயித்தவளோடு சேர்ந்து வேலை செய்யவும் ஒரு பெண் எங்கே பழகுவாள்? ஆண்கள் இல்லாத பெண்கள் பள்ளியில் எல்லாப் பதவியும் பெண்ணுக்குத்தான். இதைவிட நல்ல இடம் அவளுக்குக் கிடைக்காது. பிறகு திருமணம் ஆகிப் போன இடத்தில், வாயைத் திறக்கவே அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு பதவியேற்பு விழாப் படங்கள் உங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, அனுப்புகிற பள்ளியிடம் இரண்டு விவரம் கேளுங்கள். இந்தத் தலைவிகளுக்கு எத்தனை மாணவிகள் ஓட்டுப் போட்டார்கள்? போன வருஷத் தலைவிகள் செய்து முடித்த ஒரு வேலை என்ன? சிறப்பு விருந்தினரின் பெயருக்கும் பட்டத்துக்கும் கொடுக்கிற இடத்தில் பாதி போதும், இரண்டையும் அச்சிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
திண்டுக்கல்.