அந்த வீணைப் பெட்டியை ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய காப்பாட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இசைக்கருவிக் கூடத்தில் இருக்கும் தஞ்சாவூர் வீணையைப் பற்றி ஏற்கெனவே கடிதம் எழுதினேன். பதில் இல்லை. போன வாரம் நேரில் வந்தோம். மேலிடத்து உத்தரவு இல்லாமல் பெட்டியைத் திறக்க முடியாது என்று ஊழியர் சொன்னார். அவர் மேல் குறையில்லை. அதனால்தான் உங்களுக்கே, நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

அன்று என்னோடு வந்த பெரியவர் வீணை ஆசாரி. எண்பது வயதைத் தாண்டியவர். வீணையின் நுனியில் இருக்கும் யாளி முகத்தைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். தாடைக்கு அடியில் உளி மூன்று வெட்டாக இறங்கியிருப்பதைக் காட்டி, "இது எங்க அப்பா கை" என்றார். மேல்பலகையை ஒட்டுவதற்கு முன், வீணையின் உருண்டையான குடத்தின் உள்ளே பென்சிலில் பெயரும் மாதமும் எழுதிவைப்பது அப்பாவின் வழக்கமாம். பலகைத் துளை வழியாக டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். கண்ணாடிக்கு வெளியே கால் கடுக்க நின்று, குனிந்து குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அந்த அப்பா செய்து வீடுகளில் இருந்த வீணைகளை எல்லாம் பழுதுபார்க்கும்போது பலகையை மாற்றி, உள்ளேயும் இழைத்துவிட்டார்கள். மெழுகை எடுத்து, தந்திக்கு அடியில் வரிசையாகப் பதிக்கும் உலோக மெட்டுகளைத் திரும்பக் கட்டியிருப்பதால் அவற்றை வைத்தும் செய்தவரைச் சொல்ல முடியாது. பட்டறைக் கணக்கு நோட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கை படாமல் இருப்பது உங்களிடம் உள்ள இந்த ஒன்றுதான். அப்படிக் காத்து வைத்ததற்கு நன்றி. அதனால்தான் கேட்கிறோம், பெட்டியைத் திறந்துவிடுங்கள்.

அட்டையில் வீணையை வாசித்தவர் பெயர் இருக்கிறது, கொடுத்தவர் பெயர் இருக்கிறது. செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தஞ்சாவூர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஊரா உளி பிடித்தது? இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 24 மெட்டுகள் நிலைத்ததற்கு 17ஆம் நூற்றாண்டின் ரகுநாத நாயக்கரைச் சொல்கிறோம்; தேன்மெழுகைக் காய்ச்சி அவற்றைப் பதித்த ஆசாரியை யாரும் சொல்வதில்லை. 2013இல் வந்த புவிசார் குறியீடும் ஊர் பேரில்தான். பலாமரம் பண்ருட்டியிலிருந்து வருகிறது என்பதை எழுதாத கட்டுரை கிடையாது. மரத்தின் ஊரை விசாரித்தவர்கள் அதைக் குடைந்தவரின் பெயரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, எங்கள் கோரிக்கைக்கு வருகிறேன். உங்கள் ஆள் முன்னிலையில் ஒரு மணி நேரம் பெட்டியைத் திறந்துவிடுங்கள். வீணையைத் தூக்கவோ கழற்றவோ மாட்டோம். அப்புறம், அது உங்களிடம் வந்தபோது எழுதிய பதிவேட்டுப் பக்கத்தையும் பார்க்க விடுங்கள். பெயர் கிடைத்தால் அட்டையில் சேர்த்துவிடுங்கள்.

தயவுசெய்து தேதியை மட்டும் இரண்டு நாள் முன்கூட்டிச் சொல்லுங்கள். பெரியவரால் பஸ்ஸில் வர முடியாது, கார் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வீணை ஆசாரிகளின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர்