மலிவான மதிய உணவு பயறிலிருந்து தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிக்கனமான, சத்தான மதிய உணவு என்ற தலைப்பில் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளை விடாமல் படிக்கிறோம். பெரும்பாலானவற்றில் ஒரே குறை. அரிசியையோ மாவையோ எடுத்துக்கொண்டு, கொஞ்சம் காய் சேர்த்து, நிறமும் மணமும் ஏற்றி முடித்துவிடுகிறார்கள். வயிறு நிறைகிறது, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. மதியம் மிச்சம் பிடித்த காசு மாலைத் தின்பண்டத்துக்குப் போய்விடுகிறது. செலவைக் குறைக்கும்போது தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது புரதம்தான். அதனால் 'இன்று என்ன பயறு, என்ன பருப்பு' என்று தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற தானியத்தைத் தேடுவதுதான் சரியான வரிசை என்று நினைக்கிறோம்.

வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.8 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 50 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு மதியத்துக்கு என்றால் 16, 17 கிராம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

எது மலிவு என்பதைக் கிலோ விலை சொல்லாது. 10 கிராம் புரதம் கிடைக்க ஒவ்வொன்றிலும் எவ்வளவு வாங்க வேண்டும் என்று பாருங்கள். காய்ந்த பயறு, பருப்பு வகைகள் என்றால் 40 முதல் 45 கிராம். வேர்க்கடலை 40 கிராம். சோயா உருண்டை 20 கிராம். முட்டை ஒன்றரைக்குச் சற்று மேல். பால் 300 மில்லி. கோதுமை மாவு 85 முதல் 90 கிராம். அரிசி ஏறத்தாழ 140 கிராம். இந்த அளவுகளை உங்கள் பகுதி விலையோடு பெருக்கிப் பார்த்தால், எதில் காசு வீணாகிறது என்பது ஒரு துண்டுத் தாளிலேயே தெரிந்துவிடும். வாங்கும் பொருள்களின் விலை மாறும்போதெல்லாம் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். நேற்று மலிவாக இருந்த பயறு இன்று முட்டையைவிட விலை கூடியிருக்கலாம்.

புரதம் அமினோ அமிலங்கள் என்ற கூறுகளால் ஆனது. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறில் அது தாராளம். ஆனால் பயறில் மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் குறைவு, அது தானியத்தில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. ஒரே வாயில் சேர்த்து விழுங்க வேண்டும் என்பதில்லை, ஒரே நாளில் இரண்டும் இருந்தால் போதும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பயறு என்பது குறைந்தபட்சம். இரண்டுக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. இந்த விகிதம் சமைக்காத எடைக்குச் சொல்வது. வெந்த சோற்றையும் வெந்த பயறையும் கரண்டியால் அளந்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

ஒருவருக்கான மதிய உணவைக் கிராமில் சொன்னால் இப்படி வரும்: அரிசி 90, பயறு 40, வேர்க்கடலை 15, காயும் கீரையும் சேர்த்து 150, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. ஏறத்தாழ 630 கலோரி, புரதம் 19 கிராம். எண்ணெயை அறவே விடக்கூடாது. காரட், கீரை, பூசணியில் உள்ள, வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு தேவை. அந்த ஒரு தேக்கரண்டியே அதற்குப் போதும்.

பயறு வேண்டாம் என்று பலர் ஒதுக்கக் காரணம் நேரம். அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் கொண்டைக்கடலை வேகாது என்பது உண்மை. வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வேகவைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அரைக் கிலோ கொண்டைக்கடலை வெந்தபின் 1.1 முதல் 1.2 கிலோ ஆகும். நூறு நூறு கிராமாகப் பிரித்தால் பதினோரு, பன்னிரண்டு சாப்பாட்டுக்கு வரும்.

ஊறவைக்கும் தண்ணீர் 2 லிட்டர் இருக்கட்டும். லிட்டருக்கு 15 கிராம் உப்பு, அதாவது மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக. உப்பு போட்டால் பயறு கெட்டியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு: உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடிப்பதால் தோல் சீக்கிரம் மென்மையாகிறது. 8 முதல் 12 மணி நேரம் ஊறினால் போதும். வெப்பமான அறையில் அதற்கு மேல் விட்டால் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். ஃபிரிட்ஜில் வைத்து ஊறவிடலாம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

குக்கரில் பயறும் தண்ணீருமாகப் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. பயறு நுரைக்கும்; நுரையோடு தோல் எழும்பி ஆவி போகும் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். அழுத்தம் ஏறியபின் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். அழுத்தம் தானாக இறங்கட்டும். அவசரப்பட்டு ஆவியை வெளியேற்றினால் தோல் வெடித்துப் பயறு குழையும். விரலிடையில் வைத்து நசுக்கினால் நடுவில் மணல் போன்ற நெறுநெறுப்பு இல்லாமல் மாவாக வேண்டும். அதுதான் பதம்.

சில நேரம் எவ்வளவு வேகவைத்தாலும் பயறு மென்மையாகாது. பயறு பழையதாக இருக்கலாம், தண்ணீர் கால்சியம் போன்ற உப்புகள் மிகுந்த கடினநீராக இருக்கலாம், தக்காளி, புளி, எலுமிச்சை போன்ற புளிப்பை முன்கூட்டியே போட்டிருக்கலாம். மூன்றிலும் நடப்பது ஒன்றே: பயறின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரையாமல் நின்றுவிடுகிறது. புளிப்பை வெந்தபின்னரே சேர்க்க வேண்டும். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும் என்பது சரிதான். ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும், வழவழப்பும் சோப்பு வாசனையும் வரும். கடினநீர் என்றால் கொதித்து ஆறிய நீரில் ஊறவையுங்கள். அதிலும் வழியில்லை என்றால் அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சோடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ராஜ்மாவுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வேகாத ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. நான்கைந்து விதை சரியாக வேகாமல் உள்ளே போனாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் முதலில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்தாக வேண்டும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரங்களில் ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது. 80 டிகிரியை எட்டாத சூட்டில் நச்சு அழிவதில்லை. விதை மென்மையாகிவிடுவதால் வெந்துவிட்டது என்று ஏமாந்துபோகிறோம்.

வெந்த பயறை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். மூன்று, நான்கு நாள் இருக்கும். மீதியை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக உறையவைத்தால் இரண்டு மாதம் வரை நன்றாக இருக்கும்.

பயறு கையில் இருந்தால் அடுப்பில்லாமலே ஒரு மதிய உணவு அமைந்துவிடும். டப்பாவின் அடியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், அரை எலுமிச்சையின் சாறு, உப்பு, மிளகுத்தூள். மேலே வெந்த கொண்டைக்கடலை 120 கிராம், முன்னிரவே வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராம், அதன்மேல் காரட் துருவல் 50 கிராம், கடைசியாக மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ் 80 கிராமும் வறுத்த வேர்க்கடலை 15 கிராமும். சாப்பிடும்போது மூடியபடியே குலுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் உப்பு பட்ட முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டு எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும். இதில் 17 கிராம் புரதம். கூட இரண்டு ரொட்டி இருந்தால் 20 தாண்டும்.

சூடாகத்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சோறும் பருப்பும் ஒரே பாத்திரத்தில். மூவருக்கு அரிசி 250 கிராம், உடைத்த பருப்பு 120 கிராம், காய் 300 கிராம், கீரை 100 கிராம், வேர்க்கடலை 40 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி. உப்பு அதற்கு மேல் வேண்டாம். நாள் முழுவதற்குமே ஒருவருக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அரிசியையும் பருப்பையும் எண்ணெயில் இரண்டு நிமிடம் புரட்டி, காயைச் சேர்த்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, குக்கரை மூடுமுன் ஒருமுறை அடியோடு கிளறிவிடுங்கள். பருப்பு அடியில் தங்குவதால்தான் இந்தச் சமையல் அடிப்பிடிக்கிறது. உடனே சாப்பிட 1.1 லிட்டர் தண்ணீர் போதும். டப்பாவில் எடுத்துப் போவதாக இருந்தால் 1.3 லிட்டர், ஏனென்றால் ஆற ஆற மாவுச்சத்து இறுகி மதியத்துக்குள் கட்டியாகிவிடும். கீரையைக் குக்கர் திறந்தபின் போட்டு மூன்று நிமிடம் கிளறினால் போதும். வேர்க்கடலையைத் தனியே வறுத்துக் கடைசியில் தூவவும்.

சோயா உருண்டை பிடிக்காது என்பவர்களில் பலருக்குப் பிடிக்காதது அதன் வாசனை. கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி மறுபடி ஒட்டப் பிழிந்தால் அந்த வாசனை பெருமளவு குறையும்; உருண்டையும் பஞ்சு போல் மசாலாவை இழுக்கும். முட்டையைத் தண்ணீர் கொதித்தபின் 10 நிமிடத்துக்கு மேல் விட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். கெடுதல் இல்லை, சுவை மட்டும் குறையும். அன்றன்று வந்த முட்டையில் ஓடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் ஆன முட்டை எளிதாக உரியும்.

காயைப் பொறுத்தவரை அந்தந்தப் பருவத்தில் எது மலிவோ அதுவே போதும். காலிஃபிளவரின் தண்டையும் முள்ளங்கியின் இலையையும் குப்பையில் போடாமல் நறுக்கிச் சேர்த்தால் அதே காசுக்கு அளவு கூடும்.

சத்தான சாப்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் எடுத்துச் செல்லும் வழியில். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். காலை ஏழு மணிக்கு வெதுவெதுப்பாக மூடிய டப்பா மதியம் ஒரு மணி வரை அந்தச் சூட்டிலேயே கிடக்கிறது. சோற்றில் இது மிகவும் ஆபத்து. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாகாது. சோறு மெல்ல ஆறும்போது முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஒன்று, சூடாகவே வையுங்கள்: ஃப்ளாஸ்கில் கொதிநீர் ஊற்றி மூடி 5 நிமிடம் கழித்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவை விளிம்பு வரை நிரப்பி உடனே மூட வேண்டும். பாதி நிரப்பினால் உணவு சீக்கிரம் ஆறிவிடும். அல்லது, முழுதாகக் குளிரவைத்து, உறைந்த தண்ணீர்ப் பாட்டிலோடு சேர்த்துக் கட்டுங்கள். இரண்டுக்கும் வழியில்லாத நாளில் ரொட்டியும் வறுத்த கடலையும் முழுப் பழமும் எடுத்துப் போவது நல்லது. அவை கெடாது.

பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்து இறைச்சியில் இருப்பதைப் போல் எளிதாக உடலில் சேராது. வைட்டமின் சி உடன் இருந்தால் கூடுதலாகச் சேரும். அந்த வைட்டமின் சூட்டில் அழியும் என்பதால் எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிய வேண்டும். கொய்யாவோ ஆரஞ்சோ உடன் சாப்பிட்டாலும் சரி. சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ குடித்தால் இந்தப் பலன் குறைந்துவிடும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுவது, குறிப்பாக இரத்தசோகை உள்ளவர்களுக்கு, மிகவும் அவசியம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்பு வெளியிடும்போது 'ஒரு கப்', 'தேவையான அளவு' என்று விடாமல் கிராமில் எடை போடுங்கள்; எத்தனை பேருக்கு என்று எழுதுங்கள். எத்தனை மணி நேரம் வெளியில் தாங்கும், ஒருவருக்கு எத்தனை கிராம் புரதம் என்ற இரண்டு விவரங்களையும் அடியில் ஒரு வரியாகச் சேர்த்தால், குறைந்த காசில் குடும்பம் நடத்துகிறவர்கள் அந்தக் குறிப்பை வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உணவியல் கற்பிக்கும் வாசகர்கள்